வேறு கை படாத இஞ்சின்

வாகன மதிப்பீட்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கருவிகளைப் பற்றியே கேட்கிறீர்கள். எந்த மீட்டர் நல்லது, எந்த ஊரில் வாங்கலாம் என்றெல்லாம். அதைக் கடைக்காரர் என்னைவிட நன்றாகச் சொல்வார். கருவி காட்டியதை எதிரே நிற்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்காத அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவன். வேலை கிடைக்காமல் மதுரையில் ஒரு நாளிதழில் சில ஆண்டுகள் செய்தி திருத்திக்கொண்டிருந்தேன். 'தெரிகிறது' என்று எழுதுவதற்கும் 'கூறப்படுகிறது' என்று எழுதுவதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை அங்கே பழகினேன். எண்பதுகளில் ராஜபாளையத்தில் வீடு பிடித்து, விபத்தில் அடிபட்ட வண்டிகளையும் கைமாறுகிற வண்டிகளையும் பார்த்து மதிப்புச் சொல்லத் தொடங்கினேன். வாசலில் 'சர்வேயர்' என்று பலகை மாட்டியது தப்பாகப் போயிற்று. வந்தவர்களில் பாதிப் பேர் வரப்புத் தகராறோடு வந்தார்கள். கூமாப்பட்டிக்காரர் ஒருவர், நான் கார் பார்க்கிறவன் என்று தெரிந்ததும், "காரை அளந்து என்னத்துக்குய்யா? அது என்ன பக்கத்து வயல்லயா ஏறப் போகுது?" என்று கேட்டுவிட்டு நடந்தார்.

என்னைப் பழக்கிய மூத்தவர் ஒரு விஷயம் சொல்வார். வண்டி வாங்குவதற்கு முன்னால் நம்மைக் கூப்பிடுகிறவர் வண்டியைப் பற்றிக் கேட்கிறார். வாங்கிய பிறகு கூப்பிடுகிறவர் தன்னைப் பற்றிக் கேட்கிறார். முன்னவருக்கு இஞ்சினைப் பார்த்துப் பதில் சொல்லலாம். பின்னவருக்கு அது போதாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோதையம்மாள் என்னைக் கூப்பிட்டது வண்டி வாங்கிய பிறகு. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அவரும் அவர் கணவரும் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் பால்கோவாக் கடை வைத்திருந்தார்கள். கோதையம்மாளின் ஒரே தம்பி வரதன். ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் வரதனும் பாண்டி என்கிற சிநேகிதரும் சேர்ந்து ஒரு ஒர்க்‌ஷாப் நடத்தினார்கள். வரதன் முந்தின வருடம் மஞ்சள் காமாலை முற்றி இறந்துபோனார். முப்பது வயதுகூட முடிந்திருக்காது.

அவர் தொழில் பழகிய காலத்தில் நம் ரோடுகளில் பெரும்பாலும் இரண்டே வகைக் கார்கள். பெரியது ஒன்று, சின்னது ஒன்று. வரதன் சின்னதை எடுத்து வேகத்துக்காக மாற்றிக் கட்டுவார். ஒற்றைக் கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வைப்பார். இஞ்சினின் மேல்பாதியான ஹெட்டின் அடிப்பரப்பை மெலிதாகச் சீவி எடுத்து, உள்ளே அழுத்தத்தைக் கூட்டுவார். சைலன்ஸரின் வயிற்றைக் காலி செய்வார். அப்படிக் கட்டிய ஒன்றைக் கோயம்புத்தூர்ப் பக்கம் பந்தயங்களுக்குக் கொண்டுபோய்ப் பரிசு வாங்கியதாகக் கூறப்படுகிறது. நான் பார்த்ததில்லை. அந்தக் காரைத்தான், அடுத்த இஞ்சின் கட்டுகிற ஆசையில், மதுரையில் ஒரு ஜவுளிக்கடைக்காரருக்கு விற்றார். விற்ற சில மாதங்களில் வரதன் போய்விட்டார். கோதையம்மாள் ஆளைத் தேடிப் பிடித்து, கேட்டு, அவர் மறுத்தும் மறுபடியும் கேட்டு, காரைத் திரும்ப வாங்கியிருந்தார்.

நான் ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது கார் வேப்பமரத்தடியில் மூடியைத் திறந்துகொண்டு நின்றது. ரேடியேட்டரிலிருந்து ஆவி வந்தது. கோதையம்மாளின் கணவர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குடத்தோடு நின்றார்.

"வாங்க சார். வில்லிபுத்தூர்ல இருந்து இங்க வாரதுக்குள்ள ஒரு குடம் தண்ணி குடிச்சிருச்சு. எங்க எருமைகூட இம்புட்டுக் குடிக்காது. குடிச்சாலும் அது பாலாவது கறக்கும்."

"செத்த நேரம் சும்மா இருக்கேளா?" என்றார் கோதையம்மாள். என் பக்கம் திரும்பினார். "சார், எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். இது என் தம்பி கட்டுன இஞ்சின்தானா? அவன் மூடுனதுக்குப் பொறவு வேற யாரும் கை வச்சிருக்காவளா?"

"கொதிக்கிறதுக்குக் காரணம் பாக்க வேண்டாமா?"

"அத நான் கேக்கல."

"நான் கேக்கேன் சார்," என்றார் கணவர், குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு.

நம் பக்கத்தில் வண்டி விற்கிறவர்கள் சொல்லும் பெருமையான வார்த்தை, 'கை படாத இஞ்சின்.' கம்பெனி மூடியதை அதற்குப் பிறகு யாரும் திறக்கவில்லை என்று அர்த்தம். மாற்றிக் கட்டிய வண்டிக்கு அந்த வார்த்தை பொருந்தாது. கை பட்டதுதான் அதன் பெருமையே. கோதையம்மாள் அந்த வார்த்தையைத் தனக்கு வேண்டிய மாதிரி மாற்றி வைத்திருந்தார். வேறு கை படாத இஞ்சின். தம்பியின் கை கடைசியாக எங்கே இருந்ததோ அது அப்படியே இருக்க வேண்டும். அதனால் ஒரு நிபந்தனையும் போட்டார். பார்க்கலாம், கேட்கலாம், ஓட்டலாம். நட்டில் ஸ்பானர் வைக்கக் கூடாது.

இன்னொன்றும் இருந்தது. அவர் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பேச்சு அது. வரதன் கட்டிய வண்டி மதுரையில் கொதிக்கிறது, ஆசைப்பட்டு ஹெட்டை அளவுக்கு மேல் சீவிவிட்டான், மெலிந்த ஹெட் சூட்டில் வளைந்துவிட்டது என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் பேசிக்கொண்டார்கள். செத்தவனைப் பற்றி என்பதால் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்; பேசாமல் இருக்கவில்லை. பாண்டியிடம் வேலைக்கு வருகிற வண்டிகள் குறைந்திருந்தன. கோதையம்மாளிடம் இதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது. மதுரைக்காரர் தண்ணீர் பார்க்காமல் ஓட்டிக் கெடுத்துவிட்டார். என்னிடம் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

வெளியிலிருந்து பார்க்கக்கூடியதைப் பார்த்தேன். இஞ்சின் ஓடும்போது ரேடியேட்டர் தண்ணீரில் விடாமல் குமிழி வந்தது. நான்கு ஸ்பார்க் பிளக்குகளில் கடைசி ஒன்று மட்டும் ஆவியில் கழுவினதுபோல் சுத்தமாக இருந்தது. பிளக்கைக் கழற்றுவது நட்டில் கை வைத்ததாகாது என்று முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டேன். பிறகு பாண்டியை ஓட்டச் சொல்லி அய்யனார் கோவில் போகிற ரோட்டில் போனோம். கோதையம்மாள் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"என் வண்டி சார் இது," என்றார்.

மலையடிவாரத்தை நோக்கி ரோடு லேசாக ஏறுகிற இடத்தில் பாண்டி காலை அழுத்தினார். அந்த நிமிடத்தில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: இதைக் கட்டியவர் வேலை தெரிந்தவர். இரண்டு கார்புரேட்டரும் ஒரே மூச்சாக இழுத்தன. வேகம் ஏற ஏற நடுவில் ஒரு தயக்கம் இல்லை. கீழே பேரிங்குகளில் சத்தம் இல்லை. கொஞ்ச தூரத்தில் வெப்பமானி ஏறத் தொடங்கியது. பாண்டி காலை எடுத்துவிட்டார்.

பின்னாலிருந்து கோதையம்மாள் கேட்டார், "ஏன் மெதுவாப் போற? அவன் இப்படி ஓட்ட மாட்டான்."

"அவன் ஓட்டும்போது சூடாகாதுக்கா."

திரும்பி வந்ததும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஹெட்டுக்கும் கீழ்ப்பாதிக்கும் நடுவில் இருக்கிற தகடு, அதாவது கேஸ்கட், நான்காவது சிலிண்டர் பக்கத்தில் விட்டுப்போயிருக்கிறது. அந்த வழியாக உள்ளே எரிகிற காற்று தண்ணீரில் கலக்கிறது. ஏன் விட்டது என்பது தெரியவில்லை. ஹெட் வளைந்திருக்கலாம். தண்ணீர் இல்லாமல் ஓட்டியிருக்கலாம். வெளியிலிருந்து அதற்கு மேல் சொல்ல முடியாது.

"ஹெட்டு மேல இருக்கிற தகர மூடியை மட்டும் எடுத்துப் பாக்கலாமாக்கா?" என்று பாண்டி கேட்டார். "அது வால்வு சரி பார்க்க யாரும் எடுக்கிறதுதான். உள்ள எதையும் தொட மாட்டேன்."

கோதையம்மாள் யோசித்துச் சரி என்றார்.

மூடியை எடுத்ததும் ஹெட்டைப் பிடித்திருக்கிற பத்து நட்டுகளும் தெரிந்தன. ஒவ்வொரு நட்டின் மேலும் ஒரு சின்னக் கோடு. நட்டில் தொடங்கி அடியிலிருக்கிற வாஷரைத் தாண்டி ஹெட்டின் மேல் முடிந்தது. இறுக்கி முடித்ததும் சில மெக்கானிக்குகள் இப்படிக் கோடு போடுவார்கள். நட்டு துளி நகர்ந்தாலும் கோடு இரண்டாக உடையும். பொதுவாக வெள்ளை பெயிண்ட்தான். இது எண்ணெயில் கருத்துப்போன, நாவல்பழத்துக்கும் சிவப்புக்கும் நடுவான ஒரு நிறம்.

கோதையம்மாள் குனிந்து பார்த்தார். புடவைத் தலைப்பால் ஒரு நட்டைத் துடைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"அடப் பாவி! இது என் நகப்பாலீசு. மதுரைல வாங்கினது. கல்யாண வீட்டுக்குப் போகையில தேடு தேடுன்னு தேடினேன். ஏங்க, உங்க தங்கச்சி எடுத்துட்டாள்னு சண்டை போட்டேனே, ஞாபகம் இருக்கா?"

"அவ இன்னும் என்கிட்ட பேசுறதில்ல," என்றார் கணவர்.

"திருட்டுப் பய. அக்கா பொட்டியக்கூட விடல பாருங்க சார்."

பத்துக் கோடுகளும் உடையாமல் இருந்தன. ஒன்றுவிடாமல் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். அவர் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. வரதன் மூடியதுதான்; பிறகு யாரும் தொடவில்லை. இதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நானும் பாண்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தக் கோடுகள் இன்னொன்றையும் சொல்கின்றன என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். வேறு யாரும் திறக்கவில்லை என்றால், மூடியதில் குறை இருந்தால் அது வரதனுடையது.

பாண்டி குரலைத் தாழ்த்தினார். "சார், மதுரைக்காரர் தண்ணி ஊத்தாம ஓட்டிட்டாருன்னு சொல்லிருங்க. கோடு ஒடையலங்கிறதோட விட்ருவோம். அக்கா சந்தோசமா வீட்டுக்குப் போகட்டும். அவரு என்ன, மதுரைல இருந்து வந்து கேக்கவா போறாரு?"

"அவரும் ஒரு மனுசர்தானே பாண்டி. ஏற்கெனவே இந்தம்மா வாய்க்கு வந்தபடி ஏசிட்டிருக்காவ."

"செத்தவன் பேரு பெருசா, அவரு பேரு பெருசா?"

உங்களுக்கும் இந்த நிலை வரும். நல்லெண்ணத்தோடு ஒருவர் ஒரு பொய்யைக் கையில் கொடுப்பார். அது உண்மையாக இருக்கவும் வாய்ப்பிருக்கும். தண்ணீரில்லாமல் ஓட்டியிருந்தாலும் கேஸ்கட் இதே மாதிரிதான் போகும். 'என்று தெரிகிறது' என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் எனக்குத் தெரியவில்லை. பாண்டிக்கும் தெரியவில்லை. தெரியாத இடத்தில் நின்றுகொண்டு இருவரில் யார் பெயரைக் கெடுப்பது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

கோதையம்மாள் திரும்பி வந்ததும் அவரிடமே சொன்னேன். "அம்மா, இந்தக் கோடு உங்க தம்பி கைதான் கடைசின்னு சொல்லுது. அப்படின்னா இந்தக் கோளாறுக்குக் காரணம் ரெண்டுல ஒண்ணு. ஒண்ணு அவர் மூடினதுல இருக்கணும், இல்லாட்டி பின்னாடி ஓட்டினதுல இருக்கணும். எதுன்னு தெரியணும்னா ஹெட்டைக் கழட்டணும். தெரிய வேண்டாம்னா இப்படியே விட்ரலாம். ஆனா வண்டி ஓடாது."

அவர் காரின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். இதுவரை கிண்டல் பேசிக்கொண்டிருந்த கணவர்தான் பேசினார். குடத்தைக் கீழே வைத்துவிட்டிருந்தார்.

"கோதை, ஊர்க்காரன் சொல்லுறத எம்புட்டு நாளைக்குக் கேட்டுக்கிட்டே இருப்ப? தெறந்து பாத்துருவோம். எதுவா இருந்தாலும் நாமளே பாத்ததா இருக்கட்டும்."

"தப்பா இருந்துச்சுன்னா?"

"இருந்தா இருக்கட்டும். நம்ம பையன்தான?"

கோதையம்மாள் தலையாட்டினார். பாண்டிதான் கழற்ற வேண்டும், தானும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்றார்.

எவ்வளவு பலத்தில் இறுகியிருக்கிறது என்று காட்டுகிற டார்க் ரெஞ்ச் என்னிடம் இருந்தது. அதைப் பாண்டியிடம் கொடுத்தேன். வரதன் எந்த வரிசையில் இறுக்குவாரோ அதே வரிசையில் ஒவ்வொன்றாகத் தளர்த்தச் சொன்னேன். வழக்கமாகக் கழற்றுகிற வரிசை அது இல்லை. ஆனால் எனக்கு அப்போது தெரிய வேண்டியது வேறு. ஒரேயடியாகக் கழற்றாமல், ஒவ்வொரு நட்டும் முதலில் அசையும்போது ரெஞ்ச் காட்டுகிற எண்ணை மட்டும் பார்த்தோம்.

இறுக்குவது நடுவிலிருந்து தொடங்கும். நடுவில் இரண்டு, பிறகு அதற்கு இருபக்கமும், அப்படியே மாறிமாறி இரண்டு முனைகளுக்கும் போகும். முதல் நட்டு இருக்க வேண்டிய அளவுக்குக் கிட்டத்தட்ட இருந்தது. நான்காவது வரை அப்படியே. ஐந்தாவதில் கொஞ்சம் குறைந்தது. ஆறாவதில் இன்னும். கடைசி இரண்டும் பாதிகூட இல்லை.

கழற்றும்போது காட்டுகிற எண், இறுக்கியபோது இருந்த எண் அல்ல. சூட்டிலும் ஓட்டத்திலும் கொஞ்சம் மாறும். கேஸ்கட் விட்டுப்போன இடத்துக்குப் பக்கத்தில் தளர்ந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அதனால் நல்ல நிலையில் இருந்த முன் முனையையும் பார்த்தேன். அங்கேயும் அதே மாதிரி குறைந்திருந்தது. இடத்தை வைத்து அல்ல, இறுக்கிய வரிசையை வைத்துத்தான் குறைந்திருந்தது.

பாண்டி ஹெட்டைத் தூக்கி மேஜையில் வைத்து, சுத்தம் செய்தார். நேரான எஃகுப் பட்டையை அதன் அடிப்பரப்பில் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பார்த்தேன். எங்கேயும் வெளிச்சம் புகவில்லை. வளையவே இல்லை. சீவியதும் அளவோடுதான் இருந்தது. ஊர் சொன்னது பொய். தண்ணீரில்லாமல் வெந்துபோன அடையாளமும் இல்லை. மதுரைக்காரரும் கெடுக்கவில்லை.

"ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினதும் கொண்டாங்க, ஒரு இறுக்கு இறுக்கணும்னு அவர்ட்ட சொல்லியிருந்தான் சார்," என்றார் பாண்டி. "அவரும் போன் போட்டாரு. அப்ப இவன் ஆஸ்பத்திரில. நான்தான் பொறவு பாப்போம்னுட்டேன்."

"வரதன் இறுக்கும்போது இந்த ரெஞ்ச் மாதிரி மீட்டர் வைப்பாரா?"

"எங்க சார்! கடைல மீட்டர் இருக்கு. தொட மாட்டான். 'எனக்கு மணிக்கட்டு சொல்லும்டா'ம்பான். சும்மா சொல்லக் கூடாது, சொல்லும். நான் எத்தனையோ தடவை அவன் இறுக்கினதுக்குப் பின்னாடி மீட்டர் வச்சுப் பாத்திருக்கேன். கோடு போட்ட மாதிரி நிக்கும்."

"இதைக் கடைசியா எப்ப மூடினாரு?"

"ஆடிப்பூரத் தேருக்கு ரெண்டு நாள் முந்தி. நான் சாமான் வாங்கக் கோயம்புத்தூர் போயிருந்தேன். வந்து சேந்து மூடலாம்டான்னேன். தேருக்குள்ள வண்டியத் தாரேன்னு மதுரைக்காரர்ட்ட வாக்குக் குடுத்திருக்கேன், வேற யாரும் இதுல கை வைக்க வேண்டாம்னு அவனே மூடிட்டான்."

இதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், நான் இதை அன்றுதான் புரிந்துகொண்டேன். மணிக்கட்டு நட்டை அளப்பதில்லை. நம்மிடம் இருக்கிற பலத்தில் எவ்வளவு செலவானது என்பதைத்தான் அது அளக்கிறது. பலம் இருக்கிறவரை இரண்டும் ஒன்றுதான். உடம்பில் பலம் வற்றிக்கொண்டு வரும்போது, இறுக்குகிறவன் அதே பாடு படுவான், அதே அளவு மூச்சு வாங்கும், அதே இடத்தில் 'போதும்' என்று கை சொல்லும். நட்டு மட்டும் பாதியில் நிற்கும். வரதனுக்கு அந்தப் பத்தும் ஒரே இறுக்கமாகத்தான் பட்டிருக்கும். சந்தேகம் இருந்திருந்தால் கோடு போட்டிருக்க மாட்டார்.

கோதையம்மாள் கேட்டார், "என்ன சார்? தப்பு யாரது?"

சுற்றி வளைக்காமல் சொன்னேன். ஹெட் சரியாக இருக்கிறது, சீவியது சரி, கட்டியது எல்லாம் சரி. கடைசியாக இறுக்கும்போது போகப் போகப் பலம் குறைந்திருக்கிறது. அவருக்கே அது தெரிந்திருக்காது.

"வேலை தெரியாமப் பண்ணலையே?"

"இல்லம்மா. முதல் நாலு நட்டைப் பாருங்க. அது வேலை தெரிஞ்ச கை. மத்த ஆறும் உடம்புக்கு முடியாதவர் இறுக்கினது."

பாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோதையம்மாள் அழவில்லை. கடைசி நட்டு இருந்த இடத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்தார்.

"ஆடிப்பூரத்துக்கு முந்தியா?"

"ஆமாக்கா."

"ஆவணி கடைசிலதான் கண்ணு மஞ்சளாச்சு. அதுக்குப் பொறவுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரொம்ப முத்திருச்சு, ஒரு மாசம் முந்தி வந்திருக்கக் கூடாதான்னு டாக்டர் கேட்டாரு. எங்களுக்குத் தெரியலயே சார், எப்படித் தெரியும்னு நான் அவர்ட்ட சண்டை போட்டேன்."

பிறகு என்னைப் பார்க்காமல், ஹெட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தேர் அன்னைக்கு என்கூடத்தான் வடம் பிடிச்சான். எனக்கு முன்னாடி நின்னான். கயித்துல கை இருக்கு, ஆனா இழுக்கல. நான் பின்னாடி நின்னு பாக்கேன்ல? 'ஏலே, ஆண்டாள் தேர இழுக்கியா, இல்ல தடவிக் குடுக்கியா?'ன்னு கேட்டேன். சுத்தி நின்ன எல்லாரும் சிரிச்சாவ. அவனும் திரும்பிப் பாத்துச் சிரிச்சான். 'நீ இழுக்கா, நீதான கோவா தின்னு வளந்தவ'ன்னான்."

தென்காசி ரோட்டில் ஒரு பஸ் போனது. அது போய் முடிகிறவரை அவர் நின்றிருந்தார்.

"புது கேஸ்கட்டு இருக்கா பாண்டி?"

"இருக்குக்கா."

"மூடிரு."

பாண்டி இரண்டு பரப்புகளையும் துடைத்து, கேஸ்கட்டை வைத்து, ஹெட்டை இறக்கினார். என் ரெஞ்சைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நடுவிலிருந்து தொடங்கினார். பாண்டி நல்ல கட்டுமஸ்தான ஆள். கடைசிச் சுற்றில் ஒவ்வொரு நட்டுக்கும் காலை ஊன்றி, உடம்பை வளைத்து, கழுத்து நரம்பு தெரிய இழுத்தார். ரெஞ்சின் முள் மெதுவாக ஏறி, வேண்டிய எண்ணில் நின்றது. கோதையம்மாள் முள்ளைப் பார்க்கவில்லை. பாண்டியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாவது நட்டை முடித்துவிட்டு வியர்வையைத் துடைக்க அவர் நிமிர்ந்தபோது கோதையம்மாள் கேட்டார்.

"ஒவ்வொண்ணுக்கும் இம்புட்டுப் பலம் வேணுமா?"

பாண்டி ரெஞ்சை அடுத்த நட்டில் மாட்டினார்.

"ஆமாக்கா."